எலும்புக்கு மோட்டார் கிடையாது

நெதர்லாந்தின் 2003ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் புதிய வீடுகளின் வாசல் உயரத்தை 2.1 மீட்டரிலிருந்து 2.3 மீட்டராகக் கூட்டின. ஏன் என்று அங்கே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்நாட்டுப் படைக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்களின் சராசரி உயரம் 165 செ.மீ. வாக்கில்தான் இருந்தது. 1980இல் பிறந்த டச்சு ஆணோ சராசரியாக 183.9 செ.மீ. வளர்ந்தான். 2001இல் பிறந்த பையன்கள் அதைவிட ஒரு சென்டிமீட்டர் குட்டை என்று அந்நாட்டுப் புள்ளியியல் துறை 2021இல் சொன்னது. ஒரு சென்டிமீட்டருக்காக ஒரு நாடே தன்னை அளந்து பார்த்துக்கொண்டது. சராசரியே இப்படியிருக்கும் ஊரில் 195 செ.மீ. ஆளைத் தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதே நாட்டில் மனிதர்களைவிட சைக்கிள்கள் அதிகம். இப்போது விற்கும் புது சைக்கிள்களில் ஏறக்குறைய பாதி மின்சார சைக்கிள்கள். வாங்குகிறவர்களில் பெரும் பகுதி வேலைக்கு ஓடுகிறவர்கள் இல்லை. வார இறுதியில், ஓய்வுக்காலத்தில், காற்று வாங்க நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போய் வழியில் ஒரு காபியும் ஆப்பிள் கேக்கும் முடித்துத் திரும்புகிறவர்கள். இவர்களுக்கென்றே சாலைச் சந்திப்புகளில் எண்பலகைகள் நட்டிருக்கிறார்கள். 23, 41, 67 என்று எண்களை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டால் வரைபடம் இல்லாமலே நாள் முழுக்கச் சுற்றலாம். இதை முதலில் யோசித்தவர் பக்கத்து நாடான பெல்ஜியத்தின் லிம்பர்க்கில் இருந்த ஹியூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர். நிலத்தடிப் பாதைகளில் எண் வைத்து வழி கண்ட பழக்கத்தை 1995இல் தரைக்கு மேலே கொண்டுவந்தார்.

உயரமான மக்கள், சைக்கிள் மக்கள், மின்சார சைக்கிள் மக்கள் என மூன்றும் ஒரே நாட்டில் கூடியிருப்பதால் நெட்டையான ஒருவர் அங்கே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று தோன்றும். ஆனால் கடையில் பேச்செல்லாம் மோட்டாரைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும்தான் நடக்கிறது. எத்தனை நியூட்டன்-மீட்டர், எத்தனை வாட்-மணி, திரையில் என்னென்ன தெரியும் என்பதெல்லாம் விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும். உங்கள் கால் எவ்வளவு நீளம் என்ற கேள்வி மட்டும் வருவதில்லை. மோட்டார் தசையின் குறையை ஈடுகட்டும். எலும்பின் நீளத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. போதாததற்கு, மோட்டாரும் பேட்டரியும் சைக்கிளில் எங்கே உட்காருகின்றன என்பதைப் பொறுத்து நெட்டையானவரின் சங்கடம் கூடவும் செய்யும். இந்த அத்தியாயம் அந்தச் சங்கடத்தின் இயற்பியல்.

கணக்குப் போட வசதியாக ஒரு கற்பனை ஆளை வைத்துக்கொள்வோம். உயரம் 196 செ.மீ., எடை 98 கிலோ. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு தடிப் புத்தகத்தைக் கவட்டில் இறுக வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் 94 செ.மீ. வருகிறது. இந்தக் கடைசி எண்தான் முக்கியம். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு இந்த அளவு ஐந்தாறு சென்டிமீட்டர் வேறுபடலாம். ஒருவர் காலால் நெட்டை, மற்றவர் முதுகால் நெட்டை. இருவருக்கும் ஒரே சைக்கிள் சரிப்படாது. இந்த அளவை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது எந்த விளம்பரத் தாளையும் படிப்பதைவிடப் பயன் தரும்.

சீட் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு பழைய சூத்திரங்கள் உண்டு. 1967இல் ஹாம்லி, தாமஸ் என்ற இருவர் ஆய்வகத்தில் நிலைச் சைக்கிள் மிதிக்கவைத்து அளந்து, கால் அளவின் 109 சதவீதம் சீட்டுக்கும் அடியில் இருக்கும் பெடலுக்கும் இடைத் தூரமாக இருந்தால் நல்லது என்றார்கள். அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பெயரால் புழங்கும் சூத்திரமோ, பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க் சுழலும் அச்சிலிருந்து சீட் வரை கால் அளவின் 0.883 பங்கு என்கிறது. நம் ஆளுக்கு முதல் கணக்கில், 17 செ.மீ. கிராங்கைக் கழித்தால் 85.5 செ.மீ.; இரண்டாவதில் 83 செ.மீ. இரண்டரை சென்டிமீட்டர் வித்தியாசத்துக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். உல்லாசமாக ஓட்டுகிறவர் 83இல் தொடங்கி, பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

83 செ.மீ. என்பது சாதாரண உயரமில்லை. கிராங்க் அச்சு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கும், சீட் குழாய் சாய்ந்திருப்பதையும் கணக்கில் எடுத்தால் சீட் தரையிலிருந்து சுமார் 107 செ.மீ. உயரத்தில் வந்து நிற்கிறது. அதில் உட்கார்ந்தபடி கால் ஊன்றினால் நுனிக்கால்தான் படும். சிக்னலில் முழுப் பாதமும் தரையில் பட வேண்டும் என்று ஆசைப்பட்டு சீட்டை இறக்குகிறவர்கள் உண்டு. இறக்கினால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அதிகமாக மடங்கி, முட்டிச்சில்லின் பின்புறம் அழுத்தம் ஏறும். மோட்டார் உதவுவதால் வலி முதல் நாளே தெரியாது. சீசன் முடிவில் தெரியும்.

அடுத்தது சட்டத்தின் அளவு. டச்சுக் கடைகளில் 53, 57, 61, 65 என்று எண்கள் தொங்கும். சீட் குழாயின் நீளம், சென்டிமீட்டரில். நம் ஊரில் 22 இஞ்ச், 24 இஞ்ச் என்று கேட்டு வாங்கியதும் இதே அளவைத்தான். 24 இஞ்ச் என்பது அவர்களுடைய 61. நம் கனமான கறுப்பு சைக்கிளும் டச்சுக்காரர்களின் தாத்தா சைக்கிளும் ஆங்கில ரோட்ஸ்டர் என்ற ஒரே மூதாதையின் வாரிசுகள். அந்தப் பழைய சட்டத்தில் மேல் பார் தரைக்கு இணையாகக் கிடந்ததால் ஒரு குழாயின் நீளத்தைச் சொன்னால் முழு சைக்கிளின் அளவும் தெரிந்துவிடும். இன்றைய மின்சார சைக்கிளில் பார் சரிந்திருக்கும், அல்லது பாரே இருக்காது. அதனால் அந்த ஒற்றை எண் இப்போது பாதிப் பொய். கிராங்க் அச்சிலிருந்து ஹேண்டில் குழாயின் மேல்முனை எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்ற இரண்டு அளவுகளைப் பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் ஸ்டேக், ரீச் என்பார்கள்.

நெட்டையான உல்லாச ஓட்டிக்கு இரண்டில் ஸ்டேக்தான் உயிர்நாடி. சீட்டைத் தாங்கும் கம்பியை மேலே இழுத்துக்கொண்டே போகலாம். ஹேண்டில்பாரை அப்படி இழுக்க முடியாது. முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் தண்டு தொழிற்சாலையில் வெட்டிய நீளத்தோடு முடிந்துவிடும். நடுத்தர அளவுச் சட்டத்தில் நம் ஆளை ஏற்றினால் சீட் ஹேண்டில்பாரைத் தாண்டி உயர்ந்து, மனிதர் பந்தய வீரர்போலக் குனிந்து கிடப்பார். பந்தய வீரருக்கு அது வேண்டும். காட்சி பார்க்கப் போகிறவருக்குக் கழுத்தும் மணிக்கட்டும் வலிக்கும். இதற்கு மருந்தாக, ஹேண்டில்பாரைத் தண்டோடு இணைக்கும் ஸ்டெம்மைச் சாய்வு மாற்றக்கூடியதாகப் போட்டு ஹேண்டில்பாரைத் தூக்குவார்கள். தூக்கும்போது அது பின்னாலும் வரும்; கைப்பிடிகள் பின்னோக்கி வளைந்த டச்சு ஹேண்டில்பாராக இருந்தால், திருப்பத்தில் அதன் முனை முட்டியில் இடிக்கும். கடையின் முன்னால் ஒரு வட்டம் அடித்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். 47, 48 எண் செருப்புப் போடுகிறவர் பின் பையில் குதிகால் படுகிறதா என்றும் அதே வட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கம்பியை இழுத்துக்கொண்டே போகலாம் என்றேன். அதற்கும் ஒரு எல்லைக்கோடு கம்பியில் பொறித்திருக்கும். உடல் எடையில் எழுபது சதவீதம் சீட்டில் விழுகிறது என்று கொண்டால் நம் ஆளுக்கு அது 670 நியூட்டன். கம்பி சாய்ந்திருப்பதால் அதில் சுமார் 250 நியூட்டன் கம்பியைப் பின்னோக்கி வளைக்கப் பார்க்கிறது. வெளியே 15 செ.மீ. நீட்டியிருந்தால் வளைக்கும் திருப்புவிசை 38 நியூட்டன்-மீட்டர், 30 செ.மீ. நீட்டினால் 75. சமதளத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே இவ்வளவு. குழியில் இறங்கி ஏறும்போது எங்கேயோ போகும். சின்னச் சட்டத்தில் நீளக் கம்பி போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்லும் கடைக்காரரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆனால் பெரிய சட்டங்கள் கடைகளில் குறைந்துவருகின்றன. ஏன் என்ற கேள்விக்கு விடை எளிது. மோட்டாருக்கும் பேட்டரிக்கும் இடம் வைத்துச் செய்யும் சட்டத்துக்கு ஒவ்வொரு அளவும் தனி வடிவமைப்பு, தனிக் கையிருப்பு. ஆகவே பல மாடல்கள் மூன்று அளவோடு நிற்கின்றன. ஆம்ஸ்டர்டாமின் வேன்மூஃப் நிறுவனம் இன்னும் ஒரு படி போய், எஸ்3 என்ற தன் மாடலை ஒரே அளவில் செய்து, 170 செ.மீ. முதல் 210 செ.மீ. வரை எல்லோருக்கும் பொருந்தும் என்றது. நாற்பது சென்டிமீட்டர் இடைவெளியை ஒரு சட்டம் தாங்குமா என்பதை மேலே பார்த்த கணக்கை வைத்து நீங்களே தீர்மானிக்கலாம். மறுபக்கம், டீரன் ஊரில் 1892இல் தொடங்கிய கஸெல் போன்ற பழைய நிறுவனங்களின் பட்டியலில் 65 இன்னும் இருக்கிறது. நெட்டையானவர் தேட வேண்டிய இடம் அந்தப் பக்கம்.

இனி எடை எங்கே விழுகிறது என்று பார்ப்போம். இந்த இடத்தில்தான் மின்சாரம் உள்ளே வருகிறது.

டச்சு சைக்கிளின் சீட் குழாய் நிறையச் சாய்ந்திருக்கும். 68 பாகை என்று வைத்துக்கொள்வோம். சீட்டை உயர்த்தினால் அது பின்னாலும் போகும். கிராங்க் அச்சிலிருந்து 68 செ.மீ. உயரத்தில் உட்காரும் குட்டையானவரின் சீட் அந்த அச்சுக்கு 25 செ.மீ. பின்னால், நம் ஆளின் சீட் 31 செ.மீ. பின்னால். பின் சக்கர அச்சு 48 செ.மீ. தள்ளியிருக்கிறது. அதாவது நிமிர்ந்து உட்கார்ந்த நெட்டை ஆளின் எடை கிட்டத்தட்ட பின் சக்கரத்தின் தலையில் இறங்குகிறது. 26 கிலோ சைக்கிளையும் சேர்த்துக் கணக்கிட்டால், இரண்டும் சேர்ந்த ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 28 செ.மீ. முன்னால், தரையிலிருந்து 110 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். இரு சக்கரங்களுக்கு இடைத் தூரம் 115 செ.மீ. என்றால், 124 கிலோவில் முன் சக்கரத்துக்குக் கிடைப்பது 30 கிலோ மட்டும்.

நெதர்லாந்து தட்டை நாடு என்றாலும் தெற்கே, பெல்ஜிய லிம்பர்க்கின் அதே பெயர் கொண்ட டச்சு லிம்பர்க்கில் மேடுகள் உண்டு. வால்கன்பர்க் ஊரின் கௌபர்க் ஏற்றம் பந்தய ரசிகர்களுக்குத் தெரிந்த பெயர், 1.2 கி.மீ. நீளம், செங்குத்தான இடத்தில் 12 சதவீதம். அந்தச் சரிவில் சைக்கிள் மேல்நோக்கிச் சாயும்போது 110 செ.மீ. உயரத்தில் இருக்கும் ஈர்ப்பு மையம் 13 செ.மீ. பின்னால் நகர்கிறது. 28இல் 13 போக மீதி 15. முன் சக்கரத்தின் மேல் இப்போது இருப்பது 16 கிலோதான். ஹேண்டில் லேசாகி, சைக்கிள் தன் இஷ்டத்துக்கு அலையத் தொடங்கும்.

மோட்டார் முன் சக்கரத்தில் இருந்தால் என்ன ஆகும்? ஏற்றத்தில் 124 கிலோவை மேலே தள்ள 146 நியூட்டன் விசை வேண்டும். 16 கிலோ மட்டும் அழுத்தும் ரப்பர் டயர், ஈரச் சாலையில் 80, 90 நியூட்டனுக்கு மேல் பிடிக்காது. 40 நியூட்டன்-மீட்டர் மோட்டார் கொடுக்கப் பார்ப்பதோ 115 நியூட்டன். சக்கரம் வழுக்கிச் சுற்றும். முன்சக்கர மோட்டார் மலிவு, எளிமை, சமதளத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குட்டையானவர் முன்னால் குனிந்து ஓட்டினால் கௌபர்க்கில்கூடத் தப்பிக்கலாம். நிமிர்ந்து உட்காரும் நெட்டை ஆளுக்கு அது பொருந்தாது.

கிராங்க் அச்சிலேயே பொருத்திய நடு மோட்டார் இரண்டு விதத்தில் மேல். ஒன்று, நாலு கிலோ எடை தாழ்வாக, இரு சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கிறது. இன்னொன்று, அதன் சக்தி செயின் வழியாகப் போவதால் கியர் அதற்கும் வேலை செய்கிறது. 65 நியூட்டன்-மீட்டர் மோட்டார், பல் எண்ணிக்கை சமமான கியரில் அந்த 65ஐ அப்படியே சக்கரத்துக்குக் கொடுக்கும்; பின் பல்சக்கரம் முன்னதில் பாதி என்றால் 32தான் போகும். ஆகவே சக்கர மோட்டாரின் 40ஐயும் நடு மோட்டாரின் 65ஐயும் அப்படியே ஒப்பிட்டுப் பேசுவது அர்த்தமில்லாதது. அரசு விதி எல்லோருக்கும் ஒன்றுதான்: ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர் சக்தி 250 வாட்டுக்கு மேல் கூடாது, மிதித்தால்தான் உதவ வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் உதவி நின்றுவிட வேண்டும். மணிக்கு 45 கி.மீ. வேகம் வரை போகும் வகையை நெதர்லாந்து 2017 முதல் மோபெட் கணக்கில் சேர்த்து நம்பர் பலகையும் ஹெல்மெட்டும் கட்டாயமாக்கிவிட்டது. உல்லாசத்துக்குப் போகிறவருக்கு அது எதற்கு?

மோட்டார் எப்போது உதவ வேண்டும் என்பதை ஓர் உணரி முடிவு செய்கிறது. மலிவான வகை பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும். சுற்றினால் முழு உதவி, நின்றால் அரை நொடி கழித்து நிறுத்தம். நல்ல வகை எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று அளந்து, அதற்கேற்பக் கொடுக்கும். ஜப்பானில் யமஹா 1993இல் பாஸ் என்ற சைக்கிளைக் கொண்டுவந்தபோதே இந்த இரண்டாவது வழியைத்தான் எடுத்தது. நீளக் காலும் கனமும் உள்ளவர் 60 கிலோ அழுத்தத்தை 17 செ.மீ. கிராங்கில் வைத்தாலே 100 நியூட்டன்-மீட்டர் வருகிறது. கிளம்பும் முதல் மிதியில் மோட்டார் இதற்குப் பொருத்தமாகச் சேர்ந்தால் சுகம். தாமதித்துத் திடுக்கென்று தள்ளினால், ஒரு கால் இன்னும் தரையை விட்டு எழாத 107 செ.மீ. உயரச் சீட்டுக்காரருக்கு ஆபத்து.

கிராங்க் நீளத்தைப் பற்றி நெட்டையானவர்களிடம் ஒரு மனக்குறை உண்டு. நடு மோட்டார்களோடு பெரும்பாலும் 17 செ.மீ. கிராங்க்தான் வருகிறது, நீளக் காலுக்கு 18, 19 வேண்டாமா? மார்ட்டின், ஸ்பிர்டுசோ இருவரும் 2001இல் வெளியிட்ட சோதனையில் 12 முதல் 22 செ.மீ. வரை ஐந்து கிராங்குகளை மாட்டி மிதிக்கவிட்டார்கள். மிகக் குட்டையானதிலும் மிக நீளமானதிலும்தான் உச்ச சக்தி சற்றுக் குறைந்தது, அதுவும் நாலு சதவீத அளவில். இடைப்பட்டவை எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. மோட்டார் வேறு உதவும் சைக்கிளில் இதற்காகக் காசு செலவழிப்பது வீண்.

நெட்டையானவர்கள் வீணாகப் பயப்படும் இன்னொரு விஷயம், உயரத்தில் உட்கார்ந்தால் சுலபமாகக் கவிழ்ந்துவிடுவோம் என்பது. உண்மை நேர்மாறு. உள்ளங்கையில் ஒரு பென்சிலை நிறுத்திப் பாருங்கள், முடியாது. ஒட்டடைக் கம்பை நிறுத்தினால் நிற்கும். தலைகீழ் ஊசல் சாயும் நேரம் அதன் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஈர்ப்பு மையம் 20 சதவீதம் உயர்ந்தால் சாய எடுக்கும் நேரம் சுமார் 10 சதவீதம் கூடும். ஹேண்டிலைத் திருப்பிச் சரிசெய்ய அவ்வளவு கூடுதல் அவகாசம். சைக்கிள் ஏன் விழாமல் ஓடுகிறது என்பது இப்படி ஒரு வரியில் அடங்கும் விஷயமில்லைதான். சக்கரம் பம்பரம்போலச் சுழல்வதால் நிற்கிறது என்று பள்ளியில் சொன்னார்கள். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அரெண்ட் ஸ்வாப் உள்ளிட்ட ஐவர் குழு, சுழற்சி விளைவை எதிர்ச்சுழல் சக்கரங்களால் ரத்து செய்து, முன் சக்கரம் ஹேண்டில் அச்சுக்குப் பின்னால் பதியும் ஏற்பாட்டையும் நீக்கி ஒரு விசித்திர வண்டியைக் கட்டியது. தள்ளிவிட்டால் அதுவும் தானே சமநிலை காத்து ஓடியது. 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அந்தக் கட்டுரைக்குப் பிறகு, எடை எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதும் ஒரு முக்கியக் காரணி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. வேகம் கூடும்போது ஹேண்டில்பார் தானாக இடமும் வலமும் நடுங்கத் தொடங்குவது. ஷிம்மி என்பார்கள், நொடிக்கு நாலு முதல் எட்டு முறை வரை வரும் நடுக்கம். சட்டம் முறுக்கப்பட்டு மீள்வதும், முன் சக்கரம் பக்கவாட்டில் ஆடுவதும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும்போது இது பிறக்கிறது. பெரிய சட்டத்தில் குழாய்கள் நீளம். ஒரு குழாய் நீளத்துக்கு நேர் விகிதத்தில் அதிகம் முறுகும். பின் கேரியரில் மூன்று கிலோ பேட்டரியைச் செருகி, இருபுறமும் பைகளைத் தொங்கவிட்டால், முறுகும் சட்டத்தின் வால்முனையில் ஆடுவதற்கு ஒரு பாரம் கட்டியது போலாகிறது. கால் தூக்காமல் ஏற வசதியாகப் பாரை எடுத்துவிட்ட தாழ்வாசல் சட்டங்களில் முறுக்கத்தைத் தடுக்கும் முக்கோணமே இல்லை. நெட்டையானவர், பெரிய அளவு, தாழ்வாசல், பின் கேரியர் பேட்டரி என நாலும் சேர்ந்தால் நடுக்கத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாகும்.

இதற்கு மாற்று, பேட்டரி சட்டத்தின் கீழ்க்குழாயில் இருப்பது. அந்தக் குழாய் பேட்டரியை விழுங்கத் தடிமனாகியே ஆக வேண்டும். தடிமன் வேறொரு நன்மை செய்கிறது. மெல்லிய சுவருள்ள குழாயின் முறுக்க எதிர்ப்பு விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்து ஏறும். விட்டம் ஒன்றரை மடங்கானால், அதே சுவர்த் தடிமனில், எதிர்ப்பு மூன்று மடங்குக்கு மேல். ஒஹையோவின் ஆக்டன் போல்டன் 1895இல் மின்சார சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கியபோது பேட்டரியைச் சட்டத்தின் நடுவில், மேல் பாருக்கு அடியில்தான் தொங்கவிட்டார். பின்னால் வந்தவர்கள் கேரியருக்குக் கொண்டுபோனது பழைய சட்டங்களை மாற்றாமல் ஒட்டுப்போட வசதியாக இருந்ததால்.

உயரமான பெண்களின் நிலை இன்னும் மோசம். தாழ்வாசல் சட்டங்கள் பெண்களுக்கானவை என்று கடைகள் நினைத்துக்கொண்டிருப்பதால் அவற்றில் பெரிய அளவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. 182 செ.மீ. பெண்மணிக்கு ‘ஆண்கள் 57’ கச்சிதமாக இருக்கலாம். அப்படிக் கேட்டு வாங்குவதில் வெட்கம் எதற்கு? ஆனால் வயதானபின் காலைத் தூக்கிப் பாரைத் தாண்டுவது ஆண் பெண் இருவருக்குமே கஷ்டம். ஏறும்போதும் இறங்கும்போதும் விழுகிறவர்கள் நிறைய. இடுப்பு வளையாதவர் தாழ்வாசலையே எடுக்கட்டும். கீழ்க்குழாய் தடித்ததாக, பேட்டரி அதற்குள்ளாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

பேட்டரி எவ்வளவு பெரிதாக வேண்டும்? இதற்கு விடை காற்றிடம் இருக்கிறது. நம் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தால் காற்றுக்கு முன் ஒரு கதவு. காற்றுத்தடையின் பயனுறு பரப்பு 0.7 சதுர மீட்டர் என்று கொள்வோம். காற்றில்லாத நாளில் 20 கி.மீ. வேகத்துக்குக் காற்றுத்தடைக்கு 72 வாட், டயர் உராய்வுக்கு 56 வாட், ஆக 128 வாட். உல்லாசமாக மிதித்து அவர் 80 வாட் கொடுக்கிறார். மீதி 48 மோட்டாருடையது. மோட்டாரும் செயினும் முக்கால் பங்கு திறனில் வேலை செய்தால் பேட்டரியிலிருந்து 64 வாட் போகிறது, கிலோமீட்டருக்கு 3.2 வாட்-மணி. 500 வாட்-மணி பேட்டரி 150 கி.மீ.யைத் தாண்டும். இப்போது நொடிக்கு ஐந்து மீட்டர் எதிர்க்காற்று வீசட்டும். வட கடல் ஓரத்தில் அதைக் காற்று என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். தேவை 316 வாட்டாகிறது. அவர் அதே 80 கொடுத்தால் பேட்டரி 315 வாட் கொடுக்க வேண்டும். அதே பேட்டரி 32 கிலோமீட்டரில் காலி.

விளம்பரத் தாளில் ‘150 கி.மீ. வரை’ என்றிருப்பது இதனால்தான் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. அந்த ‘வரை’ என்ற சொல்லில் ஒரு குட்டையான ஆளும் ஒரு காற்றில்லாத நாளும் ஒளிந்திருக்கிறார்கள். மலையில்லாத டச்சுக்காரர்களுக்கு எதிர்க்காற்றே மலை. சீலாந்தின் ஓஸ்டர்ஸ்கெல்டே புயல் தடுப்பணையின் மேல் 2013 முதல் எதிர்க்காற்று சைக்கிள் போட்டி நடத்துகிறார்கள்; புயல் முன்னறிவிப்பு வந்தபின்தான் தேதியே குறிப்பார்கள், கியர் இல்லாத சைக்கிளில்தான் ஓட்ட வேண்டும். உல்லாச ஓட்டி அந்தப் பைத்தியத்தில் சேர வேண்டியதில்லை. காற்றை எதிர்த்துப் போய், களைத்த உடம்போடு காற்று தள்ளத் திரும்பினால் போதும். நெட்டையானவர் 400 வாட்-மணியை ஒதுக்கிவிட்டு 600 பக்கம் போவதுதான் புத்திசாலித்தனம். குளிரில் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு சுருங்குவதையும் அதில் சேர்க்க வேண்டும். பூஜ்யம் பாகைக்குக் கீழே அதைச் சார்ஜ் போடவே கூடாது. லித்தியம் மின்முனைக்குள் நுழையாமல் மேலேயே உலோகமாகப் படியும், பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

சட்டத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரையும் குனிந்து படிக்க வேண்டும். அனுமதித்த மொத்த எடை 130, 140 கிலோ என்றிருக்கும். மொத்தம் என்றால் ஆள், சைக்கிள், பை, பூட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம். நம் ஆள் 98, சைக்கிள் 26, சாமான்கள் 6. 130 தீர்ந்துவிட்டது. பத்து கிலோ கூடுதலான நண்பருக்கு 130 கிலோ ஸ்டிக்கர் உதவாது. 150க்கு மேல் அனுமதிக்கும் மாடல்கள் தனியாக இருக்கின்றன. இந்த எடைக்கு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கும் அகலமான டயரும் ஆடம்பரமில்லை.

கடைசியாக, உதிரிபாகம். சட்டம் இருபது வருடம் தாங்கும், பேட்டரி அவ்வளவு நாள் தாங்காது. 2023 ஜூலையில் வேன்மூஃப் திவாலானபோது, பூட்டைத் திறக்கும் மின்சாவி நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறதே, அது நின்றுவிட்டால் என்ன செய்வது என்று வாடிக்கையாளர்கள் பதறினார்கள். போட்டி நிறுவனமான கௌபாய் அந்தச் சாவியைப் போனில் சேமித்துக்கொள்ள ஒரு செயலியே செய்து கொடுத்தது. தன் அளவுக்குச் சட்டம் கிடைப்பதே அரிதான நெட்டை ஆள், பேட்டரி கிடைக்கவில்லை என்பதற்காக அந்தச் சட்டத்தை இழக்கக் கூடாது. பல கம்பெனிகளின் சைக்கிளில் ஓடும் பொது மோட்டாரா, இந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் செய்ததா, பேட்டரியை எத்தனை வருடம் விற்பார்கள், வேறு கடையில் பழுது பார்ப்பார்களா என்று கேட்டு, பதிலை பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு பணத்தை எடுக்கலாம்.